லோகாவின் பின்சக்கரம்

இன்னும் பதினான்கு கிலோமீட்டர் என்று எழுதிய பலகை இடது பக்கம் வந்து போனபோது ஜெபசீலி பார்த்தது எண்ணை அல்ல, பலகையை ஊன்றியிருந்த இரும்புக் காலை. அது சாலையோரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது, யாராவது போய் மோதினால் எந்தப் பக்கம் சாயும், மோதுகிறவளுக்கு எந்தத் தோள் முதலில் படும். அதற்குள் பலகை பின்னால் போய்விட்டது. அடுத்து ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர். அதற்கடுத்து எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் லாரி இறங்கும் மண்பாதை, அதன் வாயில் சிதறிக் கிடந்த பழங்கள். ஒன்றின் மேல் சக்கரம் ஏறினால் போதும். தொண்ணூறு பெண்கள் முழங்கையோடு முழங்கை உரச ஒரே மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அந்த மூட்டையின் நடுவில் அவள். ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தில் இது நான்காம் நாள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கடலைப் பார்த்துப் போகும் தட்டையான சாலை, ஒரு மேடு கிடையாது, ஸ்பிரிண்டருக்கென்றே போட்ட சாலை என்று காலையில் கோச் லிம் வரைபடத்தை விரித்துச் சொல்லியிருந்தார். ஸ்பிரிண்டர் என்றால் அவள்தான். நூற்றிருபது கிலோமீட்டர் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒளிந்து வந்து, கடைசி இருநூறு மீட்டரில் மட்டும் உயிரைக் கொடுத்து மிதிக்கிறவள். இரண்டு மாசம் முன்பு வரை அவள் கண்ணுக்குச் சாலையில் இடைவெளிகள் மட்டுமே தெரியும். இரண்டு பேருக்கு நடுவே ஒரு கைப்பிடி அகலம் திறந்தால் அது அவளுக்காகத் திறந்த கதவு. இப்போது கதவுகள் தெரிவதில்லை, கதவின் கீல் தெரிகிறது, தாழ்ப்பாள் தெரிகிறது, விரல் நசுங்கும் இடம் தெரிகிறது. வலது தோளுக்குக் கீழே காறை எலும்பில் தகடு, தகட்டில் ஆறு திருகு. ஆறா, ஏழா. எக்ஸ்ரேயில் எண்ணியபோது ஆறு. ஆனால் மழைக்கு முன்னால் ஏழு இடத்தில் குடைகிறது.

"சீலி, இருக்கியா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "இருக்கேன்க்கா" என்றாள். லோகா திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்ப்பது லோகாவின் வேலையும் அல்ல. லோகேஸ்வரி ஈப்போக்காரி, முப்பத்தைந்து வயது, அகன்ற முதுகு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்துவிட்டு வந்தவள். அவள் வேலை காற்றைக் கிழிப்பது. கடைசிக் கிலோமீட்டரில் அவள் தலையைக் குனிந்து மிதிப்பாள், அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் ஜெபசீலியின் முன்சக்கரம் இருக்கும், இருநூறு மீட்டரில் லோகா வலது பக்கம் விலகிக்கொள்வாள், அப்புறம் வெறும் சாலையும் ஜெபசீலியும்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறவள் திரும்பிப் பார்த்தால் கைப்பிடி ஆடும், கைப்பிடி ஆடினால் பின்னால் பத்துப் பேர் கீழே. இந்தப் பந்தயத்தில் காதில் ரேடியோ வைக்கவும் அனுமதி இல்லை. அதனால் குரல். லோகா கேட்பாள், இவள் சொல்வாள், பந்தயத்திலேயே தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் வேறு எந்த அணிக்காரிக்கும் அது புரியாது. முதல் வாரம் பழகும்போது லோகா மலேசியக்காரர்களுக்கே உரிய 'லா'வோடு சிரித்துக்கொண்டே சொன்னாள், "உங்க ஊர்ல லாரி பின்னாடி ஓட்டித்தானே பழகின? என்னையும் லாரின்னு நெனச்சுக்க லா. சைஸும் அப்படித்தான் இருக்கு." அது உண்மை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசக் காற்று சைக்கிளைத் தூக்கி வயலில் போடும், காற்றாடி இறக்கைகள் தலைக்கு மேல் உறுமும், அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே செங்கல் லாரியின் பின்கதவுக்கு இரண்டடி தள்ளி ஒட்டிக்கொண்டு முப்பந்தல் வரை போவாள். லாரிக்காரன் கண்ணாடியில் பார்த்து, சாகணும்னா வேற வண்டி பாரு என்று கத்துவான். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று. லாரியின் பின்னால் மஞ்சள் எழுத்து, சிவப்பு விளக்கு, தொங்கும் சங்கிலி. அந்தச் சங்கிலி அறுந்து விழுந்திருந்தால். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சங்கிலிக்கு இப்போது பயந்தாள்.

பன்னிரண்டு. பதினொன்று. வேகம் ஏறிக்கொண்டிருந்தது, அது காலில் தெரிவதற்கு முன் காதில் தெரியும், டயர்களின் இரைச்சல் ஒரு சுருதி ஏறும். பேச்சு நின்றுவிடும். யாரோ மூக்கைச் சிந்தினார்கள், யாரோ காலிப் புட்டியைப் புல்லில் எறிந்தார்கள், புட்டி துள்ளித் திரும்பச் சாலைக்கு வருமோ என்று பார்த்தாள், வரவில்லை. ஒன்பது வாரத்துக்கு முன்னால் அப்படி எதுவும் நடக்கவில்லை, அதுதான் பிடிபடாதது. புட்டி இல்லை, மழை இல்லை, குழி இல்லை. வேறொரு ஊர், வேறொரு பந்தயம், கோட்டுக்கு நூற்றைம்பது மீட்டர், தடுப்புக் கம்பியை ஒட்டி இடது பக்கம் இடம் திறந்தது, அவள் போனாள். முன்னால் போனவள் அரை அடி இடது பக்கம் வந்தாள், வேண்டுமென்று வரவில்லை, களைத்துப்போய் வந்தாள். அவ்வளவுதான். அப்புறம் ஒரு சத்தம், தேங்காயைச் சாக்கில் போட்டு அடித்தாற்போல, அது தன் உடம்பிலிருந்து வந்தது என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஐஸ்கிரீம் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான், ஐஸ்கிரீம் அவன் விரலில் உருகி வழிந்தது, அவன் நக்கவில்லை. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், முன்னைவிடப் பலமாகச் சேர்ந்திருக்கிறது என்றார். எலும்பைப் பற்றி அவருக்குத் தெரியும். விரலைப் பற்றித் தெரியாது. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக்கின் மேல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடி, விரலை மடக்கு, மடக்கு என்று அவள் சொல்லச் சொல்ல, தூங்குகிற பிள்ளை தாயின் சேலையைப் பிடிப்பது மாதிரி அவை பிரேக்கைத் தேடிப் போகின்றன. மற்ற நேரத்தில் பரவாயில்லை. கடைசி நானூறு மீட்டரில்தான். அங்கே எவளும் பிரேக்கைத் தொடுவதில்லை. தொடுகிறவள் ஸ்பிரிண்டர் இல்லை, சைக்கிளில் வந்த ஒரு பெண், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் தொட்டாள். கொஞ்சம்தான், பட்டை உரசி ஒரு சின்ன முனகல், அதற்குள் லோகாவின் சக்கரம் மூன்று சைக்கிள் தூரம் முன்னால் போய்விட்டது, நடுவே வேறு ஆட்கள் புகுந்துவிட்டார்கள். அப்போதுதான் லோகா கேட்டாள், "இருக்கியா?" என்று. அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை என்ற ஒரு சொல், அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும். ஆனால் வாய், விரலைப் போலவே அதுவும் தன் பாட்டுக்கு, "இருக்கேன்" என்றது. கத்தியே சொன்னது. லோகா நம்பி, பின்னால் யாருமில்லாமல், உடம்பில் இருந்ததையெல்லாம் இறைத்து மிதித்து, இருநூறில் ஒழுங்காக வலது பக்கம் விலகி, வெறும் சாலைக்கு வழி விட்டாள். மற்றவர்கள் அந்த வழியில் போய் ஜெயித்தார்கள். மூன்றாம் நாளும் அதேதான், அதே இடம், அதே சொல். இரண்டு நாளும் கோச் கேட்டபோது, ஊதா ஜெர்சிக்காரி ஒருத்தி தோளால் இடித்துத் தன்னைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டாள் என்று சொன்னாள். ஊதா ஜெர்சியில் ஆறு பேர் இருந்தார்கள், யாரென்று கேட்டால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். அந்த யோசனையின் சுத்தம்தான் இப்போது அருவருப்பாக இருந்தது. பயந்தவள் தடுமாறித்தானே பொய் சொல்ல வேண்டும். அவள் தடுமாறவில்லை. பயம் அவளைக் கெட்டிக்காரி ஆக்கியிருந்தது.

நேற்று மாலை ஓட்டல் வாசலில் சைக்கிள்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோச் லிம் வந்து நின்றார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. சின்ன உருவம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஆங்கிலத்தில், மெதுவாக, லோகாவைப் பார்த்துச் சொன்னார்: நீ ரொம்பச் சீக்கிரம் இழுக்கிறாய், பின்னால் ஆள் இருக்கிறாளா என்று கவனிப்பதில்லை, அவள் குரல் பக்கத்திலிருந்து வருகிறதா தூரத்திலிருந்து வருகிறதா என்றுகூட உனக்குத் தெரியவில்லை. முன்னெல்லாம் உனக்குத் தெரியும். நாளையும் இப்படியே ஆனால் அடுத்த மாதப் பந்தயத்துக்கு வேறு சின்னப் பெண்ணைக் கூட்டிப்போகிறேன். லோகா சோப்பு நுரை வடிகிற கையோடு நின்றாள். "சரி கோச்" என்றாள். அப்புறம் பல் சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த பல் சக்கரத்தை, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால், ஒவ்வொரு பல்லாக. ஜெபசீலி இரண்டடி தள்ளி நின்று வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பி வழிந்து செருப்பு நனைந்தது. சொல்லியிருக்கலாம். குழாயை மூடியிருக்கலாம், ஒரு வாக்கியம், அக்கா மேல தப்பில்ல கோச். ஆனால் பயந்த ஸ்பிரிண்டரை எந்த அணி வைத்துக்கொள்ளும், பாடத் தெரியாத பாட்டுக்காரி மாதிரி. ஊரில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பிள்ளை மலேசியாவில் இருக்கு என்று சொல்லும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும். அதே அம்மா போனில், "முன்னாடி வராட்டாலும் சாரமில்ல மக்களே, முழுசா வா" என்பாள். இரண்டும் அதே அம்மாதான். லோகா அப்புறம் அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள், "என் காதுல கொஞ்சம் பிரச்சினையோ என்னமோ. நீ நாளைக்கு இன்னும் சத்தமா சொல்றியா?" அவள் தலையாட்டினாள். தலையாட்டினாள். அந்தத் தலையைப் பிடித்து யாராவது நிறுத்தியிருக்கக் கூடாதா.

ஆறு கிலோமீட்டர். தூறல் விழுந்தது. பெரிய மழை இல்லை, சாலையின் எண்ணெயை மேலே கொண்டுவருவதற்குப் போதுமான மழை, இதைவிடப் பெரிய மழையே தேவலை. ஊர் ஆரம்பித்துவிட்டது, கடைகள், பெட்ரோல் பங்க், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள். நனைந்த வெள்ளைப் பெயின்ட் சோப்புக் கட்டி. அவள் கோட்டுக்குக் கோடு நடுவில் சக்கரத்தை வைக்கப் பார்த்தாள், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் யாராவது அப்படி வைக்க முடியுமா. ரவுண்டானா ஒன்று வந்தது, மூட்டை இரண்டாகப் பிளந்து சுற்றி மறுபக்கம் ஒட்டிக்கொண்டது, ஒட்டும்போது வலது பக்கம் ஒரு ஊதா ஜெர்சி. இவளைவிடச் சின்னவள், மூக்கின் மேல் தூறல் துளி. இவள் இடத்துக்கு முண்டுவதைப் பார்த்து அவள் கையை லேசாக அசைத்துக் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாள். வா, போ என்பதுபோல. நல்ல பெண். யாரையும் தோளால் இடிக்காத பெண். ஜெபசீலி அந்த இடத்தில் புகுந்து மறுபடி லோகாவின் பின்னால் வந்தாள், நன்றி என்று சொல்ல வாயெடுத்து விழுங்கினாள். இன்று சரியாகச் செய்துவிட்டால் எல்லாம் அழிந்துபோகும் என்று நினைத்தாள். இன்று ஜெயித்துவிட்டால் நேற்றும் முந்தாநாளும் நடக்காதவை ஆகிவிடும், லோகா அடுத்த மாதம் வருவாள், ஊதாக்காரியை எல்லோரும் மறந்துபோவார்கள், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விரலை மடக்கு. நீ மடக்கினால் போதும். இரண்டு விரல், ஆறு திருகு, நானூறு மீட்டர். மடக்கினாள். மடங்கின. இதோ மடங்கித்தானே இருக்கின்றன, ஒரு கிலோமீட்டராக மடங்கியே இருக்கின்றன, நேற்றும் இந்த இடத்தில் மடங்கித்தான் இருந்தனவோ. இருந்தன. நேற்றும் இருந்தன.

கடைசிக் கிலோமீட்டரின் சிவப்பு வளைவு தலைக்கு மேல் போனபோது லோகா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய பின்சக்கரத்திலிருந்து தண்ணீர் மெல்லிய வாலாக எழுந்து ஜெபசீலியின் பற்களில் மணலாக விழுந்தது. இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பிகள் ஆரம்பித்தன. கம்பியில் கட்டிய விளம்பரத் துணி, துணியைக் கட்டிய கயிறு, கயிற்றின் முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாகத் தெரிந்தது. எண்ணூறு. எழுநூறு. காலுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று, கால்கள் மட்டும் சுற்றின, நன்றாகவே சுற்றின, காலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை, காலில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. அறுநூறு. ஐந்நூறு. நானூறு. இடது பக்கம் யாரோ கத்தினார்கள், எதற்கென்று தெரியவில்லை, யாரும் விழவில்லை, ஆனால் காதுக்குள் தேங்காய்ச் சாக்கு விழுந்தது. விரல்கள் நீண்டன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், தன்னுடையவை அல்லாத இரண்டு விரல்கள் நீண்டு, வளைந்து, ஈரமான இரும்பின் மேல் உட்கார்ந்து, அழுத்தின. சின்ன முனகல். ஒரு சாண் ஒரு முழமாயிற்று. ஒரு முழம் ஒரு சைக்கிள் நீளமாயிற்று. அந்த இடத்துக்குள் ஒரு மஞ்சள் ஜெர்சி எட்டிப் பார்த்தது.

"இருக்கியா?" என்று லோகா கேட்டாள்.

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று பிற்பாடு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் வாளி நிரம்பி வழிந்தது. பிரஷ் பல் சக்கரத்தைத் தேய்த்தது. இருக்கேன் என்ற சொல் ஏற்கெனவே நாக்கின் மேல் தயாராக உட்கார்ந்திருந்தது, உருண்டையாக, எளிதாக, அதற்கு ஒரு முயற்சியும் வேண்டாம். அதைச் சொன்னால் இன்னும் ஒரு நாள் அவள் ஸ்பிரிண்டர். மஞ்சள் ஜெர்சி முழுதாக உள்ளே வந்துவிட்டது. லோகாவின் முதுகு அதற்கு அப்பால், அகலமாக, நனைந்து, எதையும் பார்க்காமல், ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டு.

"இல்லக்கா" என்றாள். காற்றில் அது போய்ச் சேரவில்லை. மறுபடி, தொண்டை கிழிய, "நான் இல்லக்கா. பிரேக் பிடிச்சிட்டேன். நீங்க போங்க, விலகாதீங்க, நீங்களே போங்க."

அப்போது லோகா திரும்பிப் பார்த்தாள். பார்க்கவே கூடாத இடத்தில், தோளுக்கு மேல், ஒரு நொடி. கைப்பிடி ஆடியது, மஞ்சள் ஜெர்சிக்காரி ஏதோ திட்டினாள், யாரும் விழவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு அந்த முகம் திரும்பிக்கொண்டது, முதுகு எழுந்தது, எத்தனையோ வருஷமாக மற்றவர்களுக்காகவே மிதித்தவள் தனக்காக மிதிக்கத் தொடங்கினாள், அவளுக்கே பழக்கமில்லாத மாதிரி, சைக்கிள் இரண்டு பக்கமும் தடுமாற. திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி போதும். நான்கு பேர் அவளைத் தாண்டிவிட்டார்கள். ஜெபசீலியைச் சுற்றி இரு பக்கமும் பெண்கள் ஆற்று நீர் போலப் போனார்கள், அவள் பிரேக்கை விடவில்லை, மறைக்கவும் இல்லை, முப்பதாவதோ நாற்பதாவதோ ஆளாகக் கோட்டைத் தாண்டினாள்.

லோகா ஐந்தாவது. கோட்டுக்கு நூறு மீட்டர் தள்ளி, ஒரு மூடிய வங்கியின் வாசலில், கைப்பிடியின் மேல் தலையைக் கவிழ்த்து நின்றிருந்தாள். முதுகு மேலும் கீழும் போயிற்று. ஜெபசீலி சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிச் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று பயந்து ஒரே மூச்சில். முந்தாநாளும் நான் இல்ல. நேத்தும் இல்ல. யாரும் இடிக்கல. பின்னாலருந்து இருக்கேன்னு சும்மா கத்தினேன்.

லோகா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு நாளா என் காதுதான் போச்சுன்னு நெனச்சேன் லா" என்றாள். குரலில் சூடு இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "நேத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, இதோட போதும், டீச்சர் வேலைக்கே திரும்பிடறேன்னு சொல்லிட்டேன். அவரு சந்தோஷப்பட்டாரு." புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "விழுறதுக்கு நானும் பயப்படுவேன் சீலி. அதச் சொல்லியிருந்தா ஏதாச்சும் செஞ்சிருப்போம். நீ என்ன செஞ்ச, என்னையே நான் நம்பாம ஆக்கிட்ட." ஜெபசீலி, அக்கா என்றாள். "இப்ப அக்கா வேணாம். போ. கோச் அங்க இருக்காரு."

கோச் லிம் அணியின் காருக்குப் பக்கத்தில், பானெட்டின் மேல் ஒரு தாளை விரித்து வைத்துக் குனிந்திருந்தார். அறுபது அடி தூரம் இருக்கும். சைக்கிள் ஷூவின் அடியில் இருந்த கொக்கி தார்ச்சாலையில் வழுக்கியது, அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கடைசி நானூறு மீட்டரின் அதே பயம்தான், ஒரு துளிகூடக் குறையவில்லை. நாளைக்கு ஊர் டிக்கெட், அம்மாவின் குரல், பக்கத்து வீட்டு ஜன்னல். அவர் நிமிரவில்லை. அது நடுவர்களுக்குக் கொடுக்கிற புகார்த் தாள், பந்தயம் முடிந்து அரை மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது நாளாக உன்னைத் தடுத்திருக்கிறார்கள், இனி விடக் கூடாது என்று அவர் எழுதிக்கொண்டே சொன்னார், தேதி எழுதியாயிற்று, அணியின் பெயர் எழுதியாயிற்று, தவறு செய்தவரின் எண் என்ற கட்டத்துக்குப் பேனா வந்து நின்றது.

"இன்றைக்காவது பார்த்தாயா? எண் என்ன?"

"இருபத்தேழு" என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் இரண்டை எழுதினார். ஏழை எழுதினார். எழுதி முடித்த பிறகு பேனா தாளிலேயே நின்றது. அவர் மெல்ல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சைக்கிளைக் காரின் மேல் சாய்த்துவிட்டு, திரும்பி நின்று, முதுகில் குத்தியிருந்த இருபத்தேழை அவருக்குக் காட்டினாள்.